மண்ணுக்கும் ஒரு வார்த்தைப்பாடு

(சென்னை அயனம்பாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சமயமும் சுற்றுச்சூழலும் என்ற பரப்பில் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று எனக்கு உரிமை தந்திருக்கிறார்கள். பரப்பு பெரிது, கிடைத்த நேரம் சிறிது. ஆகவே ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கத்தோலிக்கப் பெண் துறவியர், பூமியைக் காப்பதைத் தங்கள் துறவின் பகுதியாக எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதே இன்றைய பேச்சு. இந்தியாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் கத்தோலிக்கச் சகோதரிகள் இருக்கிறார்கள். நம்மில் பலர் அவர்களிடம் படித்தோம். அவர்கள் நடத்தும் மருத்துவமனையில் பிறந்தோம். அவர்களைப் பள்ளியோடும் மருத்துவமனையோடும் மட்டுமே சேர்த்துப் பார்க்கப் பழகிவிட்டோம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று சகோதரிகள் எடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளில், ஏழ்மை என்பது பூமிக்கும் கொடுத்த வாக்கு. அந்த வாக்கு காப்பாற்றப்படுகிறதா என்பதை மரம் நடும் விழாக்களை வைத்துச் சொல்லிவிட முடியாது. கையில் இருக்கும் நிலத்தை என்ன செய்கிறார்கள், நிலம் பறிபோகிறவர்களில் யார் பக்கம் நிற்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளை வைத்தே சொல்ல முடியும்.

கவுந்தியடிகளின் வழி

துறவு பூண்ட பெண் ஒருத்தி சிற்றுயிர்களுக்காகக் கவலைப்படுவது தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகள், கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்குப் புறப்படுகிறார். புறப்படும் முன் வழியின் தன்மையைச் சொல்கிறார். சோலை வழியே போனால் கிழங்கு அகழ்ந்த குழிகள் பூவால் மூடிக் கிடக்கும். வயல் வழியே போனால் காலடியில் நண்டும் நத்தையும் நசுங்கக்கூடும். அந்தத் தீங்கைத் தாங்க முடியாது என்கிறார். சமணத் துறவியான அவருக்கு அது விரதம். காவிரிக் கரையின் வயல் வரப்பில் நடக்கும்போதும் அந்த விரதம் அவர் கூடவே போகிறது.

நான் இதைச் சொல்வது பெருமை பேசுவதற்காக அல்ல. துறவு என்றால் உலகத்தை விட்டு விலகுவது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கவுந்தியடிகள் உலகத்தை விட்டு விலகியவர்தான். ஆனால் வரப்பில் கிடக்கும் நண்டு அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. உடைமையை விட்டவருக்கு உயிர்கள் கூடுதலாகவே தெரிகின்றன. கத்தோலிக்கச் சகோதரிகளின் வரலாற்றிலும் இதையே காண்கிறோம்.

உதகையில் பிறந்த சபை

உலகம் முழுதும் பரவியிருக்கும் ஒரு பெரிய பெண் துறவற சபை நம் நீலகிரியில் பிறந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரான்ஸ் நாட்டின் நாந்து நகரில் 1839-ல் பிறந்த எலன் தெ சப்போத்தென், மரியாவின் பரிகார சபையில் சேர்ந்து, பாடுகளின் மரியா என்ற துறவுப் பெயரோடு 1865-ல் மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்தார். அங்கே எழுந்த சிக்கல்களால் 1876-ல் இருபது சகோதரிகள் அந்தச் சபையிலிருந்து பிரிந்து உதகமண்டலத்தில் கூடினார்கள். புதிய சபைக்கு 1877 ஜனவரி 6-ல் ரோமின் அனுமதி கிடைத்தது. 1882-ல் பாடுகளின் மரியா அசிசி நகர் பிரான்சிஸின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். அவர் தொடங்கிய சபை மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை ஆயிற்று. சென்னையில் 1947 ஆகஸ்டு 15-ல் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கியவர்கள் இவர்களே.

பிரான்சிஸின் வழியைத் தேர்ந்துகொண்டதில் நம் பேச்சுக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. துணி வணிகர் ஒருவரின் மகனான பிரான்சிஸ், சொத்தை எல்லாம் துறந்தவர். அவர் 1225 வாக்கில் பாடிய படைப்புகளின் பாடலில் சூரியனைச் சகோதரன் என்றார். தண்ணீரைச் சகோதரி என்றார். பூமியைச் சகோதரி என்றும் தாய் என்றும் ஒரே மூச்சில் அழைத்தார். எதையும் தனதென்று வைத்துக்கொள்ளாதவரால்தான் எல்லாவற்றையும் உறவு சொல்லி அழைக்க முடிந்தது. 1979-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார்.

அந்தச் சகோதரிகள் கூடிய காலத்து உதகையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர்கள் விறகுக்காக யூகலிப்டஸ் மரத்தையும் சீகை மரத்தையும் நட்டு, நீலகிரியின் சோலைக் காடுகளையும் புல்வெளிகளையும் மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அன்றைய சகோதரிகள் இதைப் பற்றிப் போராடினார்கள் என்று நான் சொல்லவில்லை. நோயாளிகளும் பெண் கல்வியுமே அவர்கள் கண்முன் நின்ற கடமைகள். பிரான்சிஸின் பாடல் பின்னர் அவர்களுடைய மரபாயிற்று. அது நிலத்தைப் பற்றிய கடமையாக மாற இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின.

மடத்தின் கொல்லைப்புறம்

அதற்காக அந்த நூறு ஆண்டும் வீணாகிவிடவில்லை. பழைய கன்னியர் மடம் எதற்காவது போனால் முன்வாசலில் நிற்காதீர்கள். அனுமதி கேட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். கிணற்றடி, துவைகல், அதிலிருந்து ஓடும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் வாழைக்கூட்டம். சமையலறை வாசலில் கழுநீர்த் தொட்டி. முருங்கை, கறிவேப்பிலை, ஓரமாக ஒரு கோழிக்கூண்டு. உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொட்டுவதற்கு ஒரு குழி. யாரும் அதற்குச் சூழலியல் என்று பெயர் வைக்கவில்லை. சிக்கனம் என்றுகூடச் சொல்லவில்லை. அது மடத்தின் ஒழுங்கு, அவ்வளவுதான்.

அந்த ஒழுங்கின் வேர் ஏழ்மை வார்த்தைப்பாட்டில் இருக்கிறது. சகோதரி ஒருவர் ஆசிரியையாக வேலை பார்த்தால் அந்தச் சம்பளம் அவருடையதல்ல, சபையினுடையது. பேருந்துக் கட்டணத்துக்கும் கணக்கு எழுத வேண்டும். இருப்பது பொதுவில் இருக்கும். உண்பது பந்தியில் என்ன சமைத்திருக்கிறதோ அது. பழுதானால் தைத்துக்கொள்வது, மாற்றல் வந்தால் ஒரு பெட்டியோடு கிளம்புவது. இன்றைக்கு அறிவியலாளர்கள் நம்மிடம் கேட்பதும் ஏறத்தாழ இதுதான்: குறைவாக நுகருங்கள், பகிர்ந்து பயன்படுத்துங்கள், கழிவை மண்ணுக்கே திருப்புங்கள்.

ஆனால் தனியொரு சகோதரி ஏழையாக இருப்பது வேறு, சபை ஏழையாக இருப்பது வேறு. இந்த இடைவெளியை நாம் மரியாதையோடு, ஆனால் கூசாமல் பேச வேண்டும். சகோதரியிடம் இரண்டு சேலை இருக்கலாம். சபையின் பெயரில் நகரின் நடுவே பல ஏக்கர் இருக்கலாம். அந்த வளாகத்தில் முற்றம் முழுவதும் சிமென்ட் கல் பாவியிருந்தால், பெய்த மழை ஒரு சொட்டும் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடினால், மடத்துக்குள் கடைப்பிடிக்கும் ஏழ்மையால் மண்ணுக்குப் பயனில்லை.

2015

நம் ஊருக்கு 2015 என்றால் டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வரும். அதே ஆண்டு ஜூன் 18-ல் திருத்தந்தை பிரான்சிஸின் சுற்றுமடல் வெளிவந்தது. தமிழில் 'இறைவா உமக்கே புகழ்' என்று அழைக்கிறோம். அதன் தலைப்பே அசிசியாரின் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. 246 பத்திகள் கொண்ட அந்த மடலின் நடுநாயகமான கருத்து, பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் ஒன்றே என்பது. வெள்ளத்தில் முதலில் மூழ்குவது கூவக்கரைக் குடிசை. வறட்சியில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பதும் அதே வீட்டுப் பெண். இதை விளக்கச் சென்னைக்காரர்களுக்குச் சுற்றுமடல் தேவையில்லைதான். ஆயினும் அதை அறநெறிக் கடமையாக, பாவ மன்னிப்பு கேட்க வேண்டிய விஷயமாகத் திருச்சபையின் தலைமைப் பீடம் சொன்னது பெரிய செய்தி. சூழலியல் மனமாற்றம் வேண்டும் என்று மடல் கேட்கிறது. அதே மடல் மிகச் சின்ன விஷயங்களுக்கும் இறங்கி வருகிறது: பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, குப்பையைப் பிரிப்பது, உண்ணக்கூடிய அளவே சமைப்பது, வேண்டாத விளக்கை அணைப்பது.

பெண் துறவற சபைத் தலைவியரின் உலகக் கூட்டமைப்பு இதை ஏற்று, 2018-ல் பூமிக்கு நம்பிக்கை விதைக்கும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. வத்திக்கான் 2021-ல் ஏழாண்டுச் செயல்திட்டம் ஒன்றை அறிவித்தது. குடும்பங்கள், பங்குகள், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள் என்று வகுத்த ஏழு பிரிவுகளில் துறவற சபைகளும் ஒரு பிரிவு. ஏழு இலக்குகளில் முதல் இரண்டு, பூமியின் குரலுக்கும் ஏழையின் குரலுக்கும் செவிசாய்ப்பது. இலக்குகள் அழகாக இருக்கின்றன. ஆனால் இந்த மடல் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சில சகோதரிகள் அந்த இலக்குகளின்படி வாழ்ந்துவிட்டார்கள். சிலர் அதற்காக உயிரையும் கொடுத்தார்கள்.

கடலோரத்திலும் நிலக்கரி நிலத்திலும்

கேரளக் கடலோரத்தில் 1970-களின் இறுதியில் இழுவைப் படகுகளுக்கு எதிராக நாட்டுப்படகு மீனவர்கள் திரண்டார்கள். மழைக்காலம் மீன்கள் முட்டையிடும் காலம். அப்போது இழுவை வலை அடிமட்டத்தை வழித்துப் போனால் கடல் வெறுமையாகிவிடும் என்பது அவர்களுடைய அனுபவ அறிவு. அந்தக் குப்பங்களில் சகோதரிகள் சிலர் குடியிருந்தார்கள். மீன் விற்கும் பெண்களுக்குப் பேருந்தில் இடமில்லை என்ற சிக்கலில் தொடங்கி, கடலின் சிக்கல் வரை அவர்களோடு நடந்தார்கள். 1984 போராட்டத்தில் கன்னியாஸ்திரிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மடத்தை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார்கள் என்று ஏசியவர்கள் உண்டு. ஆனால் 1988-ல் கேரள அரசு மழைக்கால இழுவைத் தடையைக் கொண்டுவந்தது. தேசிய மீன்தொழிலாளர் பேரவை 1989-ல் நடத்திய நெடும்பயணம், கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் கிளம்பி மே 1-ல் கன்னியாகுமரியில் கூடியது. நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்பதே அதன் முழக்கம். இன்று நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீனுக்கும் பேறுகாலம் உண்டு என்பதை அரசுகள் ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால் இத்தகைய போராட்டங்கள் இருக்கின்றன.

அடுத்து வல்சா ஜான். கேரளத்தில் பிறந்தவர், இயேசு மரியின் அன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்தவர், ஆசிரியையாக இருந்தவர். ஜார்க்கண்டின் பாக்கூர் மாவட்டத்தில், பச்சுவாரா பகுதிச் சந்தால் மக்களிடையே போய்க் குடியேறினார். மடத்தில் தங்கிக்கொண்டு போய் வரவில்லை. ஊருக்குள், அவர்கள் வீட்டில், அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டு இருந்தார். நிலக்கரிக்காக அந்த நிலம் கையகப்படுத்தப்பட்டபோது ராஜ்மகால் மலைகளைக் காக்கும் இயக்கத்தில் முன்னின்றார். நீதிமன்றப் படிகளும் ஏறினார். சுரங்கத்தைத் தடுக்க முடியாது என்று தெரிந்த நிலையில், 2006-ல் மறுவாழ்வு, பள்ளி, மருத்துவ வசதி, இழப்பீடு ஆகியவற்றைச் சுரங்க நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கைக்கு வழிசெய்தார். அவர் சிறைக்கும் போனார். 2011 நவம்பர் 15 இரவு, அவர் தங்கியிருந்த வீட்டுக்குள் ஒரு கும்பல் புகுந்து அவரைக் கொன்றது. அன்று பிர்சா முண்டாவின் பிறந்தநாள்.

அதற்கு ஆறாண்டு முன்பு, 2005 பிப்ரவரி 12-ல், பிரேசிலின் அமேசான் காட்டில் அனாப்பு என்ற ஊரருகே டோரதி ஸ்டாங் என்ற 73 வயதுச் சகோதரி சுட்டுக்கொல்லப்பட்டார். காட்டை அழிக்காமலே சிறு விவசாயிகள் வாழ முடியும் என்று காட்டியதுதான் அவர் செய்த குற்றம். பாக்கூருக்கும் அனாப்புக்கும் இடையே கடல்கள் கிடக்கின்றன. இரண்டு இடத்திலும் நிலம் வேண்டியவர்கள் பண பலம் கொண்டவர்கள். நிலத்தை விட மறுத்தவர்கள் ஏழைகள். அவர்கள் நடுவே ஒரு சகோதரி.

இவர்களைப் புனிதர்களாக்கிப் படத்துக்கு மாலை போட்டுவிட்டால் நம் வேலை முடிந்துவிடும். அது வேண்டாம். இவர்களிடம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய சுதந்திரம். பறிமுதல் செய்ய அவர்களிடம் சொத்து இல்லை. பதவி உயர்வை நிறுத்துகிறேன் என்று யாரும் மிரட்ட முடியாது. ஏழ்மை வார்த்தைப்பாடு அவர்களுக்குத் தந்தது இந்த அஞ்சாமையைத்தான்.

கையில் இருக்கும் நிலம்

இனி, தொடக்கத்தில் சொன்ன முதல் கேள்விக்கு வருகிறேன். சபையின் பெயரில் இருக்கும் நிலத்தை என்ன செய்வது?

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கால்டுவெல் தோமினிக்கன் சகோதரிகள், தங்கள் சபைக்குக் கிடைத்த ஒரு பண்ணையை விற்காமல் 1980-ல் அதைப் பூமியைப் பற்றிக் கற்கும் இடமாக்கினார்கள். ஜெனிசிஸ் பார்ம் என்று அதற்குப் பெயர். அதை வழிநடத்திய மிரியம் மக்கில்லிஸ், தாமஸ் பெர்ரி என்ற குருவானவரின் சிந்தனையைப் பின்பற்றியவர். பிரபஞ்சம் முழுதும் ஓர் உறவுக் கூட்டம், மனிதன் அதில் ஓர் உறுப்பினன் என்பது அந்தச் சிந்தனை. அங்கே இயற்கை வேளாண்மை நடந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முன்பணம் கட்டி விளைச்சலைப் பகிர்ந்துகொண்டன. வேறு சில சபைகள், இனி எவர் கைக்குப் போனாலும் கட்டடம் எழும்ப முடியாதபடி தங்கள் நிலத்தைச் சட்டப்படி கட்டிவைத்தன. இப்படிப்பட்ட சகோதரிகளைப் பற்றிச் சாரா மக்ஃபார்லண்ட் டெய்லர் 2007-ல் பச்சைச் சகோதரிகள் என்று தனிப் புத்தகமே எழுதினார்.

பென்சில்வேனியாவில் நடந்தது இன்னும் சுவையானது. கிறிஸ்துவின் திரு இரத்தத்தை ஆராதிக்கும் சகோதரிகள் 2005-ல் தங்களுக்கென நில அறம் ஒன்றை வகுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய சோளக்கொல்லை வழியே இயற்கை எரிவாயுக் குழாய் பதிக்க ஒரு நிறுவனம் வந்தது. கையெழுத்துப் போட மறுத்தார்கள். 2017 ஜூலையில் குழாய் போகவிருந்த தடத்திலேயே, சோளப் பயிருக்கு நடுவே, மரத்தில் ஒரு பந்தல், ஒரு பிரசங்க மேடை, சில பெஞ்சுகள் போட்டுத் திறந்தவெளிச் செபக்கூடம் கட்டினார்கள். எங்கள் விசுவாசமே இந்த மண்ணைக் காக்கச் சொல்கிறது, ஆகவே இது சமய உரிமை என்று வழக்காடினார்கள். தோற்றார்கள். குழாய் இன்று அந்த மண்ணுக்கடியில்தான் ஓடுகிறது. ஆனால் வளாகச் சொத்தை விற்பனைப் பொருளாகப் பார்க்க ஒரு துறவற சபை மறுத்தது என்பது பதிவாகிவிட்டது.

நம் ஊரில் இப்படி ஒரு நில அறம் எழுதப்பட வேண்டும். சென்னையில் இன்னும் மரம் நிற்கும், இன்னும் கிணற்றில் தண்ணீர் தெரியும் வளாகங்களைக் கணக்கெடுத்தால், அவற்றில் பள்ளி, மடம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் இடங்கள் கணிசமாக இருக்கும். அவற்றின் மேல் இன்னொரு மாடி, இன்னொரு அரங்கம் என்று அழுத்தம் வந்துகொண்டே இருக்கிறது. பெற்றோரும் அதைத்தான் கேட்கிறோம்: ஏசி வகுப்பறை உண்டா, முற்றம் சேறில்லாமல் இருக்குமா என்று. குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

அயனம்பாக்கத்துக்கு

கடைசியாக, நாம் கூடியிருக்கும் இந்த இடத்தைப் பற்றி. அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றி இன்று அடுக்குமாடிகள், பள்ளிகள், மருத்துவமனை, அலுவலகங்கள். மேற்கே திருவேற்காடு, கிழக்கே நொளம்பூர், தெற்கே கூவம். அருகே 1964-ல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஏரி என்றால் மதகும் கலங்கலும் ஆயக்கட்டு வயலும் சேர்ந்ததே என்று நம் முன்னோர் வைத்திருந்தார்கள். வயல் போனபின் மதகுக்கு வேலையில்லை; மதகுக்கு வேலையில்லாதபோது வரத்துக்கால்வாயையும் யாரும் தேடவில்லை. 2019 கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி நம் பக்கத்து வில்லிவாக்கத்தில் வந்து இறங்கியது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை மூழ்கிக் கிடந்தது. வறட்சியும் வெள்ளமும் இரண்டு நோய்கள் அல்ல. மண் தண்ணீரை வாங்கிக்கொள்ள மறுக்கும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாயிற்று. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. சட்டம் கேட்காத இடத்திலும் தானாகக் கட்டுப்படுவதற்குத்தான் வார்த்தைப்பாடு என்று பெயர்.

அருட்சகோதரிகளிடம் என் வேண்டுகோள்: உங்கள் சபைகள் தத்தம் வளாகத்துக்கு ஒரு நில அறத்தை எழுதி, பள்ளி வாசலில் எல்லோரும் படிக்கும்படி தொங்கவிடட்டும். இந்த வளாகத்தில் இத்தனை பங்கு மண் மூடப்படாமல் இருக்கும், எங்கள் கழிவுநீர் ஏரிக்கோ கால்வாய்க்கோ போகாது, நிலத்தை விற்க நேர்ந்தால் முதலில் ஊரோடு பேசுவோம் என்று அதில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மாணவிகளே அதைச் சரிபார்த்து அறிக்கை தரட்டும்.

மற்றவர்களுக்கும் என்னிடம் சலுகை இல்லை. நாம் துறவிகள் அல்லர். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நம் குடியிருப்புச் சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகள் எழட்டும்: நம் மழைநீர்க் குழி வேலை செய்கிறதா, நம் கழிவுநீர் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது, ஏரியின் வரத்துக்கால்வாய் எந்தத் தெரு வழியே வருகிறது. பதில் தெரியாத சங்கம், பதில் தெரியும் வரை அடுத்த கட்டட வேலைக்குப் பணம் வசூலிக்க வேண்டாம். இதை இந்த மழைக்காலத்துக்கு முன்பே தொடங்குங்கள்.